ஆடு சுணங்கினால் காட்டைப் பாருங்கள்: வெள்ளாட்டு நோய்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

காலையில் பட்டியின் படலைத் திறக்கும் அந்த அரை நிமிடம் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடைசியாக வருவது எது, வெளியே வந்தும் தழையைப் பார்க்காமல் தலையைத் தொங்கவிட்டு நிற்பது எது என்று மட்டும் பார்ப்பார். அதன் பிறகும் நேரே ஆட்டிடம் போகமாட்டார். "நேற்று எந்தப் பக்கம் மேய்ந்தது, கண்ணு?" என்று என்னைக் கேட்பார்.

இன்று மூலனூர்ப் பக்கம் நான்கு ஏக்கர் கொறங்காட்டில் 22 வெள்ளாடுகளும் ஒரு பசுவும் என் பொறுப்பில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் நான் பறிகொடுத்த ஆடுகளில் பெரும்பாலானவை மருந்து கிடைக்காமல் சாகவில்லை. அப்புச்சியின் கேள்வியை நான் நேரத்தில் கேட்காததால் செத்தன. ஆகவே இந்த வழிமுறை நோயின் பெயரில் தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, அங்கிருந்து மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறது.

கொறங்காடு என்பது காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உங்கள் ஊரில் புல்லும் மரமும் வேறாக இருக்கலாம். ஆட்டின் வயிறு ஒன்றுதான்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

ஆட்டைப் பிரித்து நிழலில் கட்டுங்கள். மருந்துப் பெட்டியை இன்னும் திறக்க வேண்டாம்.

வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் மேய்ந்து வந்த ஆடு நோயில்லாமலேயே 104 காட்டும் என்பதால் காலை அளவையே நம்புங்கள். 105-ஐத் தாண்டினால் காய்ச்சல். 100-க்குக் கீழே இறங்கியிருந்தால் காய்ச்சலைவிட ஆபத்து; அந்த ஆட்டுக்கு நேரம் குறைவு.

அடுத்து இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் கைமுட்டியை அழுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு உருண்டு கையைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் வயிறு நின்றுவிட்டது. கீழிமையை மெல்ல இழுத்து உள்நிறம் பாருங்கள். வாலடி நனைந்திருக்கிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா, அசைபோடுகிறதா என்றும் கவனியுங்கள்.

பிறகு மூன்று கேள்விகள். கடந்த இரண்டு நாளில் எங்கே மேய்ந்தது? வழக்கத்தில் இல்லாத எதைத் தின்றது? பட்டிக்குள் புதிதாக எந்த ஆடு வந்தது? இந்த விடைகளோடு கால்நடை மருத்துவரை அழைத்தால் தொலைபேசியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது

இது சில மணி நேரத்திலேயே கொல்லும். எதனால் உப்பியது என்று பிரித்தறியாமல் வைத்தியம் செய்தால் விரைவாகவே கொல்லும்.

குழியில் விரலால் சுண்டிப் பாருங்கள். மத்தளம் போல ஒலித்தால் காற்று அல்லது நுரை. பனி ஈரத்தோடு இளம் பயறுச் செடியையோ வேலிமசாலையோ வெறும் வயிற்றில் நிறையத் தின்ற ஆட்டுக்கு நுரை கட்டும். வளர்ந்த ஆடாக இருந்தால் 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெய் கொடுங்கள், நுரை உடையும். முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வேப்பங்குச்சி ஒன்றை வாயில் குறுக்காக வைத்துக் கட்டுங்கள். அதை மென்றுகொண்டே இருக்கும்போது எச்சில் ஊறும், ஏப்பம் வெளிவரும். கால் மணி நேரத்தில் வயிறு தணியாமல் மூச்சுத் திணறினால் இனி கைவைத்தியம் கிடையாது, மருத்துவர்தான்.

சுண்டினால் ஒலிக்காமல், அழுத்தினால் பிசைந்த மாவு போலக் குழி விழுந்தால் அது தானியக் கோளாறு. திருமணப் பந்தலுக்குப் பின்னால் கொட்டிய சோறு, அவிழ்ந்து கிடந்த அரிசி மூட்டை, பொங்கலன்று பாசத்தோடு ஊட்டிய சர்க்கரைப் பொங்கல் எல்லாம் இந்த வகை. மாவுச்சத்து வயிற்றில் புளித்து அமிலமாகிறது. ஆடு பல்லைக் கடிக்கும், தள்ளாடும், புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும். இதற்கு எண்ணெய் பயன்படாது. சமையல் சோடா மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். காய்ந்த சோளத்தட்டைத் தவிர வேறெதுவும் போடாதீர்கள். இளைத்துப்போன ஆட்டுக்குக் கஞ்சி கொடுத்தால் தெம்பு வரும் என்று நம்பி ஊற்றுகிறவர்கள் எரிகிற நெருப்பில் விறகு போடுகிறார்கள்.

மருந்து புகட்டும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தலைச்சன் ஈற்றில் இரட்டைக் குட்டி போட்ட கன்னி இன ஆடு ஒன்று என்னிடம் இருந்தது. உப்புசத்துக்கு எண்ணெய் ஊற்றும் அவசரத்தில் அதன் தலையை வானம் பார்க்கத் தூக்கிவிட்டேன். வயிறு அன்றே வடிந்தது. ஆனால் எண்ணெயில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போயிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சலும் இளைப்புமாக அது செத்தது. அன்றிலிருந்து ஆட்டின் மூக்கு அதன் கண்ணைவிட உயரப் போகாமல் பிடித்து, கடைவாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு வாயும் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததை ஊற்றுகிறேன். இருமினால் உடனே தலையைக் கீழே விட்டுவிடுங்கள்.

இமை வெளுத்திருக்கிறது, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குகிறது

ஐப்பசி, கார்த்திகையில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். கழிச்சல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, தீனியும் ஓரளவு எடுக்கும். ஆனால் மேய்ச்சலில் பின்தங்கும், ரோமம் மினுமினுப்பு இழக்கும், ஒரு நாள் விழும். கழிச்சல் இல்லையே, புழு எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணித்தான் இரண்டு மழைக்காலங்களை வீணாக்கினேன்.

ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு இது. ஹீமாங்கஸ் என்று பெயர். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி அளவு இரத்தம் குடிக்கும் என்பார்கள். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. 25 கிலோ ஆடு எத்தனை நாள் தாங்கும்? இரத்தத்தின் புரதம் குறைவதால்தான் தாடைக்கடியில் நீர் இறங்குகிறது.

இமையின் நிறத்தை வைத்து இந்த இரத்தசோகையை அளக்கும் ஃபமாச்சா என்ற முறையைத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கினார்கள். ஐந்து படிகள் கொண்ட வண்ண அட்டை அது. செக்கச் சிவந்திருந்தால் ஒன்று, தாள் போல் வெளுத்திருந்தால் ஐந்து. அட்டை இல்லாவிட்டாலும் பட்டியிலேயே நலமான கிடா ஒன்றின் இமையை முதலில் பார்த்து, அதோடு மற்றவற்றை ஒப்பிடலாம். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் பாருங்கள்.

வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மொத்தப் பட்டிக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகும். பிறகு எந்தப் புட்டியும் வேலை செய்யாது. குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றுவதும் அதே தீங்கைச் செய்கிறது. ஆட்டைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, எந்த மருந்து, எத்தனை மில்லி என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. சினைபிடித்து ஒன்றரை மாதத்துக்குள் இருக்கும் ஆட்டுக்கு ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவைக் கெடுக்கும்.

இனிக் காட்டுக்கு வாருங்கள். மருந்து ஆட்டின் வயிற்றைச் சுத்தம் செய்கிறது. புழு பிறக்கும் இடம் புல்லடியில் இருக்கிறது. புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒரு வாரத்தில் நோய் தரும் இளம்புழுவாகிவிடும். பனித்துளியைப் பிடித்துக்கொண்டு புல்லில் ஏறும், பெரும்பாலும் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்குள். வெள்ளாடு இயல்பில் தலைநிமிர்ந்து தழை கடிக்கும் பிராணி. அது குனிந்து புல்லை ஒட்டக் கடித்தால், மேலே தழை தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே வெளுத்த இமையைப் பார்த்த அன்று நான் செய்வது இது. பனி காய்ந்து, வெயில் ஏறிய பிறகே பட்டியைத் திறக்கிறேன். அகத்தி, கிளைரிசிடியா, வேம்பு என்று கிடைக்கும் தழையை வெட்டிக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுகிறேன். மேய்ந்த துண்டை மழை மாதங்களில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஓய்வில் விட்டு, அந்த இடைவெளியில் பசுவை மட்டும் கட்டுகிறேன். வெள்ளாட்டுப் புழுவில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றில் பிழைக்காது. செம்மறியை விட்டால் பயனில்லை. இரண்டுக்கும் பொதுவான புழு அது. தொட்டி நிரம்பி வழிந்து எப்போதும் பச்சையாக இருந்த ஓரிடத்தில் ஆடுகள் ஆசையாக மேய்வதை வருடக்கணக்கில் ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கசிவை அடைத்த ஆண்டில் தாடை தொங்கும் ஆடுகள் பாதியாகக் குறைந்தன.

கழிகிறது

வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாள் இளகிப் போனால் தீனி மாற்றமே பெரும்பாலும் காரணம். காய்ந்த தட்டு மட்டும் போட்டு, தண்ணீர் தாராளமாக வைத்து ஒரு நாள் பொறுங்கள்.

குட்டிகள் வேறு. பிறந்த முதல் வாரத்தில் கழிந்தால் சீம்பால் போதவில்லை என்று முதலில் சந்தேகிக்கிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி சீம்பால் இறங்க வேண்டும். ஒன்று முதல் நான்கு மாதக் குட்டி இரத்தமும் சளியுமாக முக்கி முக்கிக் கழிந்தால் அது இரத்தக் கழிச்சல். குடற்புழு மருந்து இதற்குக் கேட்காது. புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நெரிசலும் ஈரத்தரையும்தான் இதன் விளைநிலம். குட்டிகளைப் பெரிய ஆடுகளிடமிருந்து பிரித்து, தரையில் சுண்ணாம்பு தூவி, தீவனத் தட்டில் காலை வைக்க முடியாதபடி உயர்த்திக் கட்டுங்கள்.

வழியெல்லாம் குட்டி நீர் இழந்துகொண்டே இருக்கும். காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தால் பல குட்டிகளைக் காப்பாற்றலாம்.

மூக்கு ஒழுகுகிறது, கண் பீளை கட்டுகிறது, வாய் நாறுகிறது

வெப்பமானி 105, 106 காட்டி, ஈறிலும் நாக்கிலும் தவிடு ஒட்டியது போல் புண் இருந்து, இரண்டு மூன்று நாளில் கழிச்சலும் செருமலும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டோடு நிற்காது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-ல். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே ஒரு தடுப்பூசியும் பிறந்தது. மூன்று மாத வயதுக்கு மேல் ஒரே ஊசி, குறைந்தது மூன்று ஆண்டுக்குக் காப்பு. இதைப் போடாமல் விட ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நோயுற்றதைப் பிரித்து, அதன் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். நச்சுயிரிக்கு மருந்து இல்லை. பின்தொடரும் நுரையீரல் அழற்சிக்குத்தான் சிகிச்சை. இங்கே கேட்க வேண்டியது மூன்றாவது கேள்வி: புதிதாக வந்தது யார்? சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே, அதன் மேல் பட்ட காற்று பட்டிக்கு வராத பக்கமாகக் கட்டுங்கள். இரவல் கிடாவும் புது ஆடுதான்.

காய்ச்சல் இல்லாமல், உதட்டோரத்தில் மட்டும் கருத்த பொருக்குப் புண் இருந்தால் அது வேறு நோய். பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும். ஆனால் மனிதருக்கு ஒட்டும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

நேற்று மாலை துள்ளியது, காலையில் செத்துக் கிடக்கிறது

எதையும் தொடுவதற்கு முன் மூக்கையும் ஆசனவாயையும் பாருங்கள். உறையாத கருத்த இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, கறி பங்கு போடவே கூடாது. அறுத்த இடத்து மண்ணில் அந்தக் கிருமி பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், மனிதரையும் கொல்லும். ஓர் ஆட்டின் விலை போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் புரியும். அக்கம்பக்கத்தார் பாதி விலைக்குக் கேட்டு வந்தும் நிற்பார்கள். திருப்பி அனுப்புங்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லி, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

இரத்தக் கசிவு இல்லை, செத்தது பட்டியிலேயே கொழுத்த குட்டி, புது மழையில் முளைத்த புல்லில் மேய்ந்திருந்தது என்றால் துள்ளுமாரி. குடலில் எப்போதும் இருக்கும் கிருமி, திடீரென்று கிடைத்த வளமான தீனியால் பெருகி நஞ்சு கக்குகிறது. மழைக்கு முன்பே தடுப்பூசி, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொன்று, பிறகு ஆண்டுதோறும். மிச்சமுள்ள ஆடுகளை அன்றே அந்தப் புல்லிலிருந்து வெளியேற்றிக் காய்ந்த தட்டுக்கு மாற்றுங்கள்.

சோளக்காட்டுப் பக்கம் போன ஆடு கால் மணி நேரத்தில் மூச்சிரைத்து, இமை வழக்கத்தைவிடச் செந்நிறமாகி விழுந்தால் அது சயனைடு நச்சு. இளஞ்சோளம், அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பு, மழை பொய்த்து வாடிய பயிர் ஆகிய மூன்றிலும் நஞ்சு மிகுதி. மரவள்ளித் தழையும் தோலும் அப்படியே. மருத்துவரிடம் முறிவு ஊசி உண்டு, ஆனால் அவர் வந்து சேர நேரம் இருப்பதில்லை. பூக்கும் வரை சோளத்தைத் தொடவிடாதீர்கள். மரவள்ளித் தழையை நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே போடுங்கள்.

நொண்டுகிறது

குளம்பிடையைக் கழுவி மோந்து பாருங்கள். அழுகிய வாடை வந்தால் குளம்பு அழுகல்: வளர்ந்த நகத்தைச் சீவி, நூற்றுக்கு ஐந்து பங்கு மயில்துத்தக் கரைசலில் கால் நனைத்து, உலர்ந்த தரையில் கட்டுங்கள். கரைசலை ஆடு குடித்துவிடாமல் கவனம். வாயிலும் புண் இருந்தால் கோமாரி, மருத்துவரிடம் போகவும். வாடை இல்லாவிட்டால் முள். கருவேல முள் குளம்புக்குள் ஒடிந்து உட்கார்ந்திருக்கும், விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஆடே காட்டிக்கொடுக்கும்.

நிறைசினை ஆடு தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை

வெள்ளாட்டுச் சினைக்காலம் 150 நாள். கடைசி மாதத்தில் இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு சோர்ந்து, கண் மங்கி, வாயில் பழ வாடை வீசினால், குட்டிகளுக்கு ஈடுகொடுக்கத் தன் கொழுப்பையே கரைத்துக்கொண்டிருக்கிறது. வெல்லக் கரைசல் கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். குளுக்கோஸ் நரம்பில் ஏற வேண்டியிருக்கும். கடைசி ஆறு வாரம் தழையோடு அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வந்திருந்தால் இது வராது.

கிடாக் குட்டி முதுகை வளைத்து நின்று, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுக் கத்தினால் கல் அடைப்பு. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தவிட்டை மட்டும் கொட்டிக் கொழுக்க வைப்பவர்களின் பட்டியில் இது அதிகம். தழையும் உப்பும் தண்ணீரும்தான் தடுப்பு.

காடு காட்டும் அறிகுறிகள்

ஆட்டில் தெரிவதற்குப் பல மாதம் முன்பே நிலத்தில் தெரிந்துவிடும் சில உண்டு.

வெள்வேல மரத்தின் பட்டையை ஆடுகள் உரித்தால் உப்பும் நாரும் போதவில்லை. தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டு, இளமரங்களைச் சுற்றி முள் கட்டுங்கள். கோடையில் உதிரும் வெள்வேலங்காய்தான் கொறங்காட்டின் சேமிப்பு. மரம் பட்டுப்போனால் அடுத்த பஞ்சத்தில் வாயில் வைக்க ஒன்றும் இருக்காது.

கிளுவை வேலியின் உட்புறம் இலையின்றி நின்றால் ஆட்டின் எண்ணிக்கை நிலத்தை மீறிவிட்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கொறங்காட்டில் மாட்டையும் மேச்சேரிச் செம்மறியையும் நிறைய விட்டு, வெள்ளாட்டை எண்ணி விட்டதன் காரணம் எனக்கு வேலி மெலிந்த பிறகுதான் விளங்கியது. அந்த ஆண்டு ஆறு உருப்படியை விற்றுவிட்டு, கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு வேலியை மீட்டேன்.

பட்டியைச் சுற்றிச் சீமைக் கருவேலங்கன்றுகள் திட்டுத்திட்டாக முளைத்தால், விதையைச் சுமந்து வந்தது உங்கள் ஆடுதான். காயின் இனிப்பை ஆடு செரிக்கும், விதை முழுதாகப் புழுக்கையோடு விழும். காயை இடித்துப் போடுங்கள், எருவை மக்கவைத்த பிறகே காட்டுக்கு இறையுங்கள்.

கொழுக்கட்டைப் புல்லின் தூர் மண் தெரியக் கடிக்கப்பட்டிருந்தால் அந்தத் துண்டை அன்றே மூடுங்கள். முக்கியமாக, கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் எல்லாம் பச்சையாகத் தெரியும்போது ஆட்டை அவிழ்த்துவிட மனம் பரபரக்கும். அந்தத் தளிர், தூரில் மிச்சமிருக்கும் கடைசிச் சத்தில் கிளம்பியது. அதைக் கடித்துவிட்டால் தூர் மறுபடி எழாது. துள்ளுமாரி வருவதும் அதே நாட்களில்தான். முதல் மழை விழுந்த நாளை நான் பட்டிச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைக்கிறேன். அன்றிலிருந்து மூன்று வாரம், போன ஆண்டுத் தட்டுப்போர் தீரும் நிலையில் இருந்தாலும், காட்டுப் படலைத் திறப்பதில்லை.